முதல் நாற்காலி யாருக்கு?

சுதந்திர தினத்துக்கு முதல் நாள் மாலை. உங்கள் பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டாயிற்று. வண்ணக் காகிதத் தோரணமும் கட்டியாயிற்று. மேடையில் ஏழு நாற்காலிகள். அவற்றின் முன்னால் விளையாட்டு ஆசிரியர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார்.

"ஏனுங்க சார், நடுச் சேர்ல யாரை உட்கார வைக்கிறதுங்க? ஹெட்மாஸ்டரையா, சிறப்பு விருந்தினரையா? கவுன்சிலருக்கு எந்தச் சேருங்க? பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரை ஓரமாப் போட்டா அவரு கோவிச்சுக்குவாருங்களே!"

சிரிப்பாக இருக்கிறது, இல்லையா? ஆனால் இந்தத் தலைவலி உங்கள் ஆசிரியருக்கு மட்டும் இல்லை, குழந்தைகளே. கல்யாண வீட்டில் வெற்றிலை பாக்குத் தட்டை முதலில் யாரிடம் நீட்டுவது என்று பாட்டி யோசிப்பார். கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று ஊரே கூடிப் பேசும். ஏன், டில்லியில் நடக்கும் குடியரசு தின விழாவிலும் இதே கேள்விதான். யார் எங்கே உட்காருவது?

அங்கே சண்டை வராது. ஏனென்றால், அதற்கென்று அரசு ஒரு பட்டியலே போட்டு வைத்திருக்கிறது!

வரிசை எண் ஒன்று

இந்தப் பட்டியலுக்கு முன்னுரிமை வரிசை என்று பெயர். இப்போது நடைமுறையில் உள்ள பட்டியலை ஜனாதிபதியின் செயலகம் 1979 ஜூலை 26 அன்று வெளியிட்டது. அதன் பிறகு அவ்வப்போது சில திருத்தங்கள் நடந்துள்ளன. மொத்தம் 26 படிகள். மேல் படிகளை மட்டும் பார்ப்போமா?

1. ஜனாதிபதி
2. துணை ஜனாதிபதி
3. பிரதமர்
4. மாநில கவர்னர்கள் (தங்கள் மாநிலத்துக்குள்)
5. முன்னாள் ஜனாதிபதிகள் (துணைப் பிரதமர் என்று ஒருவர் இருந்தால், அவருக்கு 5ஏ)
6. உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி, மக்களவை சபாநாயகர்
7. மத்திய கேபினட் அமைச்சர்கள், மாநில முதல்வர்கள் (தங்கள் மாநிலத்துக்குள்), முன்னாள் பிரதமர்கள், நாடாளுமன்ற எதிர்க்கட்சித் தலைவர்கள்
7ஏ. பாரத ரத்னா விருது பெற்றவர்கள்

எம்.பி.க்கள் எங்கே என்று தேடுகிறீர்களா? அவர்கள் 21வது படியில் இருக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'தங்கள் மாநிலத்துக்குள்' என்று இரண்டு இடங்களில் வருகிறது, கவனித்தீர்களா? நம் தமிழக கவர்னர் கோவையில் ஒரு விழாவுக்கு வந்தால் அவருக்கு 4வது இடம். அதே கவர்னர் காரில் ஏறி, வாளையார் செக்போஸ்ட்டைத் தாண்டிப் பாலக்காட்டுக்குள் நுழைந்தால், அவர் இடம் 8 ஆகிவிடும்! முதல்வரும் அப்படித்தான். இங்கே 7, அங்கே 8.

அப்படியென்றால் அந்த நாற்காலி ஆளுக்கு உரியதா, பதவிக்கு உரியதா? பதவிக்குத்தான்.

நம் பொள்ளாச்சிச் சீமைக்காரர் ஒருவரையே எடுத்துக்கொள்வோம். பொள்ளாச்சி பக்கம் உள்ள செங்குட்டைப்பாளையத்தில் 1910ல் பிறந்தவர் சி.சுப்பிரமணியம். 1960களில் மத்திய விவசாய அமைச்சராக இருந்து, பசுமைப் புரட்சிக்கு வழி போட்டவர். இன்றைய பட்டியலின்படி பார்த்தால், மத்திய அமைச்சராக அவர் இடம் 7. 1990ல் மகாராஷ்டிரா கவர்னர் ஆனார். அந்த மாநிலத்துக்குள் அவர் இடம் 4. அங்கிருந்து சொந்த ஊருக்கு வந்தால் 8! 1998ல் பாரத ரத்னா விருது பெற்றார். அப்போது 7ஏ. மனிதர் ஒருவர்தான். நாற்காலிதான் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருந்தது.

இன்று இரண்டாவது நாற்காலியும் கொங்கு மண்ணுக்கு வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 12 அன்று துணை ஜனாதிபதியாகப் பதவியேற்ற சி.பி.ராதாகிருஷ்ணன், திருப்பூரில் பிறந்தவர். கோவையிலிருந்து இரண்டு முறை எம்.பி. ஆனவர்.

குண்டுச் சத்தமும் கௌரவமும்

இந்த வரிசைப் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. ஆங்கிலேயர் ஆட்சியில் இது இன்னும் கடுமையாக இருந்தது. சமஸ்தான மன்னர்களின் கௌரவத்தைப் பீரங்கிக் குண்டுகளால் அளந்தார்கள்! மன்னர் வரும்போது எத்தனை குண்டு முழங்கும் என்பதுதான் கணக்கு. கோவைக்கு வடக்கே இருந்த மைசூர் மகாராஜாவுக்கு 21 குண்டு. திருவிதாங்கூர் மன்னருக்கு 19. கொச்சி மன்னருக்கு 17. இரண்டு குண்டு குறைந்தால் ஒரு படி குறைந்த மாதிரி.

இன்று அந்த மன்னர்களும் இல்லை. அந்தக் கணக்கும் இல்லை. ஆனால் 21 குண்டு மரியாதை மட்டும் இருக்கிறது. குடியரசு தினத்தன்று டில்லியில் தேசியக் கொடி பறக்க, தேசிய கீதம் இசைக்கும்போது அது முழங்கும்.

கொடி ஏற்றுவது யார் என்பதிலும் ஒரு காலத்தில் கேள்வி எழுந்தது. சுதந்திர தினத்தன்று மாநிலத் தலைநகரங்களில் கவர்னர்தான் கொடி ஏற்றி வந்தார். மக்கள் தேர்ந்தெடுத்த முதல்வருக்கு அந்த உரிமை வேண்டும் என்று அன்றைய தமிழக முதல்வர் மு.கருணாநிதி கேட்டார். மத்திய அரசும் ஏற்றுக்கொண்டது. 1974 ஆகஸ்ட் 15 முதல் நாடு முழுவதும் சுதந்திர தினத்தன்று முதல்வர்களே கொடி ஏற்றுகிறார்கள். குடியரசு தினத்தன்று கவர்னர் ஏற்றுகிறார். கோவையில் வ.உ.சி. மைதானத்தில் கலெக்டர் ஏற்றுகிறார்.

ஒன்றாம் எண்ணுக்கும் மேலே!

சரி, இப்போது ஒரு கேள்வி. விழாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்று ஜனாதிபதிக்கு மரியாதை செலுத்துகிறார்கள். அந்த ஜனாதிபதி எழுந்து நின்று யாருக்கு மரியாதை செலுத்துகிறார்?

ஆமாம், தேசியக் கொடிக்கு!

முதல் நாற்காலிக்காரரும் கடைசி வரிசையில் நிற்கும் நீங்களும் ஒரே நேரத்தில் ஒரே பொருளை அண்ணாந்து பார்க்கிறீர்கள். அந்த நேரத்தில் யாருக்கும் வரிசை எண் கிடையாது.

நம் மூவர்ணக் கொடியை அரசியல் நிர்ணய சபை 1947 ஜூலை 22 அன்று ஏற்றுக்கொண்டது. நீளமும் அகலமும் 3க்கு 2 என்ற அளவில் இருக்க வேண்டும். நடுவில் உள்ள அசோகச் சக்கரத்துக்கு 24 ஆரங்கள். முன்பு கையால் நூற்ற துணியில் மட்டுமே கொடி செய்யலாம் என்று விதி இருந்தது. 2021 டிசம்பரில் விதியைத் திருத்தினார்கள். இப்போது இயந்திரத்தில் செய்த துணியும் பாலியஸ்டரும்கூடச் செல்லும்.

கொடியை ஏற்றும்போது விறுவிறுவென்று ஏற்ற வேண்டும். இறக்கும்போது மெதுவாக, மரியாதையாக இறக்க வேண்டும். தரையில் படக் கூடாது. வேறு எந்தக் கொடியும் அதைவிட உயரமாகப் பறக்கக் கூடாது. பல நாட்டுக் கொடிகள் வரிசையாக நின்றால் அங்கேயும் முன்னுரிமை உண்டு! நம் நாட்டில் நடக்கும் விழாவில், எதிரே நின்று பார்க்கும் நமக்கு இடது கோடியில் நம் கொடி இருக்கும். அதற்கு அடுத்து மற்ற நாடுகள், ஆங்கிலப் பெயரின் அகர வரிசையில் வரும். பெரிய நாடு, சின்ன நாடு என்ற பேச்சே இல்லை.

இன்னொரு விதியையும் கேளுங்கள். ஜனாதிபதி, துணை ஜனாதிபதி, பிரதமர் ஆகியோரில் ஒருவர் காலமானால் நாடு முழுவதும் கொடி அரைக்கம்பத்தில் பறக்கும். ஆனால் அந்தத் துக்க நாள் சுதந்திர தினத்திலோ குடியரசு தினத்திலோ வந்துவிட்டால்? அப்போது கொடி முழுக் கம்பத்தில்தான் பறக்க வேண்டும். அவரது உடல் வைக்கப்பட்டுள்ள கட்டடத்தில் மட்டுமே அரைக்கம்பம். எவ்வளவு பெரிய பதவியில் இருந்தவருக்காகவும் அன்று கொடி தாழாது.

சரி, ஒரு துணிக்கு இவ்வளவு மரியாதை எங்கிருந்து வந்தது? அதைத் தெரிந்துகொள்ள நொய்யல் ஆற்றங்கரைக்குப் போவோம்.

எந்த வரிசையிலும் இல்லாத ஒருவர்

ஈரோடு மாவட்டத்தில் உள்ள சென்னிமலை, பெட்ஷீட்டுக்குப் பெயர் போன ஊர். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்ட அந்த ஊரில் 1904 அக்டோபர் 4 அன்று, ஒரு நெசவாளர் குடும்பத்தில் குமாரசாமி பிறந்தார். எல்லோரும் கூப்பிட்டது குமரன். குடும்பக் கஷ்டத்தால் படிப்பைத் தொடர முடியவில்லை. பிறகு திருப்பூருக்கு வந்து மில் வேலைக்குப் போனார்.

1932 ஜனவரி தொடக்கத்தில் காந்திஜியை ஆங்கிலேய அரசு கைது செய்தது. நாடெங்கும் மக்கள் கொதித்தார்கள். ஊர்வலம் போனால் அடி விழும், சிறைக்குப் போக வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் ஜனவரி 10 அன்று திருப்பூரில் தொண்டர்கள் கொடிகளோடு ஊர்வலம் கிளம்பினார்கள். அவர்களில் ஒருவர் குமரன். வயது 27.

அவர் கையில் இருந்தது இன்றைய தேசியக் கொடி அல்ல. நடுவில் ராட்டை இருந்த விடுதலைப் போராட்டக் கொடி. அதன் மாற்றமாகத்தான் 1947ல் ராட்டையின் இடத்தில் அசோகச் சக்கரம் வந்தது.

போலீசார் தடியால் அடித்தார்கள். குமரன் மண்டையில் அடி விழுந்தது. ரத்தம் ஒழுகக் கீழே சாய்ந்தார். ஆனால் கையில் இருந்த கொடியை மட்டும் விடவில்லை. மண்ணில் விழாமல் பிடித்துக்கொண்டே கிடந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றார்கள். மறுநாள், ஜனவரி 11 அன்று உயிர் பிரிந்தது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குமரன் அமைச்சர் இல்லை, கலெக்டர் இல்லை, எந்த மேடையிலும் அவருக்கு நாற்காலி போட்டதில்லை. அன்றைய ஆங்கிலேய அரசின் மரியாதை வரிசையில் ஒரு மில் தொழிலாளிக்குக் கடைசி இடம்கூடக் கிடையாது. ஆனால் இன்று 'கொடி காத்த குமரன்' என்றால் தெரியாத தமிழர் உண்டா? திருப்பூரின் முக்கியமான சாலைக்கு அவர் பெயர். நூற்றாண்டையொட்டி 2004ல் மத்திய அரசு அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. அவரை அடிக்கச் சொன்ன அதிகாரிக்கு அன்று எத்தனையாவது நாற்காலி என்று யாருக்காவது நினைவிருக்கிறதா?

அதனால்தான் இன்றும் சுதந்திர தின விழாக்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கொடி ஏற்றி, அணிவகுப்பு மரியாதையை ஏற்ற பிறகு, விடுதலைப் போராட்டத் தியாகிகளுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் கலெக்டர் பொன்னாடை போர்த்தி வணங்குவார். அடுத்த முறை பார்க்கும்போது கவனியுங்கள். அன்றைக்கு மைதானத்தில் முதல் இடத்தில் இருப்பவர், பட்டியலில் இல்லாத ஒருவர் முன் தலை குனிகிறார்!

தண்டவாளத்தில் யார் முதலில்?

கொடியைப் போலவே மற்றச் சின்னங்களும் நம்மை நம்பித்தான் இருக்கின்றன. அவற்றில் பலவற்றைப் பார்க்க நாம் டில்லிக்குப் போக வேண்டாம். கோவையைச் சுற்றியே இருக்கின்றன.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்குப் போகும் மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவுப் பக்கம் பாறையில் ஓர் ஆடு ஒய்யாரமாக நிற்கும். அதுதான் நம் மாநில விலங்கு, வரையாடு. தமிழகத்தில் 2025ல் நடந்த கணக்கெடுப்பில் 1,303 வரையாடுகள்தான் இருந்தன. ஒரு பெரிய பள்ளியின் மாணவர் எண்ணிக்கை அவ்வளவுதான்! சுற்றுலா வருபவர்கள் பிஸ்கட்டும் சிப்ஸும் நீட்டினால் அது அன்பு அல்ல, அதற்குக் கெடுதல்.

தாராபுரம், மூலனூர் பக்கம் தோட்டங்களில் சிவப்பும் மஞ்சளுமாகத் தீக்கொழுந்து போல ஒரு பூ பூத்திருக்கும். விவசாயிகள் அதைக் கண்வலிக் கிழங்குச் செடி என்பார்கள். அதுதான் மாநில மலரான செங்காந்தள். அதன் விதையிலிருந்து மருந்து செய்கிறார்கள். ஆனால் கிழங்கு கடும் விஷம். பார்க்கலாம், வாயில் வைக்கக் கூடாது!

அடுத்து யானை. 2010ல் அதைத் தேசியப் பாரம்பரிய விலங்காக அறிவித்தார்கள். ஆனால் மதுக்கரையிலிருந்து வாளையார் வரை யானைகள் நடக்கும் காட்டின் குறுக்கே ரயில் பாதை போகிறது. 2021 நவம்பர் 26 இரவு, நவக்கரை அருகே தண்டவாளத்தைக் கடந்த மூன்று யானைகள் ரயில் மோதி இறந்தன. அதற்கு முன்பும் அந்தப் பாதையில் பல யானைகள் இறந்திருக்கின்றன. 'தேசியப் பாரம்பரிய விலங்கு' என்ற பட்டம் இருந்தது. ஆனால் ரயில் நிற்கவில்லை.

அப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா? பாதையை ஒட்டி 12 கோபுரங்கள் அமைத்து 24 கேமராக்கள் பொருத்தினார்கள். இருட்டிலும் உடல் சூட்டை வைத்து யானையைக் கண்டுபிடிக்கும் கேமராக்களும் அவற்றில் உண்டு. 2024 பிப்ரவரியில் வேலை தொடங்கியது. யானை பாதை அருகே வந்தால் செயற்கை நுண்ணறிவு கம்ப்யூட்டர் கண்டுபிடித்து வனத்துறைக்கும் ரயில்வேக்கும் தகவல் சொல்லும். ரயில் டிரைவர் வேகத்தைக் குறைப்பார். யானைகள் குட்டியோடு நடந்து அக்கரை சேரும். பிறகுதான் ரயில் போகும். தண்டவாளத்தின் கீழே யானைகள் போக வழியும் அமைத்திருக்கிறார்கள்.

இதுவும் ஒரு முன்னுரிமை வரிசைதானே! முதலில் யானை, அடுத்து எக்ஸ்பிரஸ்!

பட்டியலில் எழுதாத ஒரு வேலை

மறுபடியும் உங்கள் பள்ளி மேடைக்கு வருவோம். விளையாட்டு ஆசிரியர் ஒருவழியாக நாற்காலிகளைப் போட்டுவிட்டார். அரசின் அந்தப் பட்டியலின் அடியிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. அரசு விழாக்களுக்கும் சடங்குகளுக்கும் மட்டும்தான் அந்த வரிசை. அன்றாட அரசு வேலைக்கு அது பொருந்தாது. மேடையில் முன்னால் உட்காரலாம். அதற்காக ரேஷன் கடை கியூவில் முன்னால் போய் நிற்க முடியாது!

சுதந்திர தினத்தன்று விழா முடிந்து, மிட்டாய் வாங்கி, எல்லோரும் வீட்டுக்குக் கிளம்புவோம். சட்டையில் குத்திய காகிதக் கொடி எங்கேயோ விழுந்திருக்கும். மைதானத்தில் ஏழெட்டுக் கொடிகள் மிதிபட்டுக் கிடக்கும். கொடிச் சட்டம் இதற்கும் வழி சொல்கிறது. காகிதக் கொடிகளை விழா முடிந்ததும் தரையில் வீசக் கூடாது. சேகரித்து, தனி இடத்தில் மரியாதையாக அப்புறப்படுத்த வேண்டும்.

இந்த வருடம் மைதானம் காலியான பிறகு ஐந்து நிமிடம் மட்டும் நின்று பாருங்கள். மண்ணில் ஒரு கொடி கிடந்தால் குனிந்து எடுங்கள். தூசியைத் தட்டி ஆசிரியரிடம் கொடுங்கள். அதற்கு எந்தப் பதவியும் வேண்டாம். 27 வயதில் நொய்யல் கரையில் ஒருவர் அதைத்தான் செய்தார், அடி விழுந்துகொண்டிருந்தபோது.

தெரிந்துகொள்வோம்!

* தேசியச் சின்னமான சிங்கத் தூணை 1950 ஜனவரி 26 அன்று ஏற்றுக்கொண்டார்கள். தேசிய கீதத்தை அதற்கு இரண்டு நாள் முன்பு, ஜனவரி 24 அன்று ஏற்றார்கள். முழுதாகப் பாட சுமார் 52 விநாடி ஆகும்.
* மயில் தேசியப் பறவையானது 1963ல். புலி தேசிய விலங்கானது 1973ல். அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தது சிங்கம்.
* தமிழக அரசின் முத்திரையில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம். மாநில மரம் பனை, பறவை மரகதப் புறா, பழம் பலா, விளையாட்டு கபடி. 2019ல் தமிழ் மறவன் மாநில வண்ணத்துப்பூச்சியானது. 2021ல் தமிழ்த்தாய் வாழ்த்து மாநிலப் பாடலானது.
* ஹாக்கி நம் தேசிய விளையாட்டு என்று பலரும் எழுதுவார்கள். அப்படி எந்த விளையாட்டையும் அரசு அறிவிக்கவில்லை!

உங்களுக்கு ஒரு புதிர்

சேலத்தில் ஓர் அரசு விழா. தமிழக முதல்வர், தமிழக கவர்னர், முன்னாள் ஜனாதிபதி மூவரும் வருகிறார்கள். யார் முதலில், யார் அடுத்து? அதே மூவரும் பாலக்காட்டு விழாவுக்குப் போனால்?

விடை: சேலத்தில் கவர்னர் (4), முன்னாள் ஜனாதிபதி (5), முதல்வர் (7). பாலக்காட்டில் முன்னாள் ஜனாதிபதி (5) முதலில். கவர்னரும் முதல்வரும் 8வது படிக்குப் போய்விடுவார்கள்!